ஒழுகுகிற கேபின்

வெயிலில் நாளெல்லாம் காய்ந்த கித்தான் துணிக்கு ஒரு வாசனை உண்டு. பழைய குடையை விரிக்கும்போது மூக்கில் ஏறுமே, அதோடு கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் ஆற்றுப் பாசியும் கலந்த மாதிரி. இன்றைக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே, தார்ப்பாய் மூடிய ஏதாவது லாரிக்குப் பின்னால் என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டால் போதும், சிக்னல் பச்சையாவது எனக்குத் தெரிவதில்லை. பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், சிலர் கன்னடத்தில் நல்லதாக நாலு வார்த்தையும் சொல்வார்கள். நான் அப்போது சந்தாபுராவுக்குப் போகிற சாலையில் இருக்க மாட்டேன்; காவிரிக் கரையில், நீர்மருத மரத்தின் கீழே, வரிசையாகக் கட்டிய கூடாரங்களுக்கு நடுவே, காலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருப்பேன்.

கனகபுரா தாண்டி, ராகி வயல்கள் தீர்ந்து, காடு ஆரம்பித்து, சாலை மேலே போக இடமில்லாமல் ஆற்றில் போய் முடிகிற ஒரு இடத்தில் அந்த முகாம் இருந்தது. பட்டணத்து ஜனங்கள் ஜீப்பில் வந்து இரண்டு ராத்திரி தங்கி, பரிசலில் சுற்றி, பாறைமேல் கிடக்கிற முதலையைப் பார்த்து "ஐயோ" என்று கத்திவிட்டுப் போவதற்கான இடம். ஆற்றை ஒட்டிக் கூடாரங்கள்; கொஞ்சம் மேடேறினால் மரத்தால் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அவற்றைக் 'கேபின்' என்பார்கள். என் அம்மாவின் தம்பி, கோபி மாமா, அங்கே சமையல்காரர். எங்களுக்கும் அந்த ஆற்றுக்கும் இருந்த ஒரே சொந்தம் அவர்தான்.

கடைசிக் கேபினின் கூரை ஒழுகும். ஒழுகுகிற கேபினைக் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? ஆகவே அது பூட்டியே கிடந்தது, பூட்டியே கிடந்ததால் கோடை லீவில் மாமா மேனேஜரிடம் தலையைச் சொறிந்து நின்று எங்களுக்காகச் சாவி வாங்கிவிடுவார். என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் 'டிம்பர்மேன்' ஆக இருந்தவர். பூமிக்குக் கீழே பாறைக் கூரை விழாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பதுதான் வேலை. அவர் முதல் வருஷம் கேபினுக்குள் நுழைந்ததும் செய்த காரியம், நாலு சுவரையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டதுதான். "இது தாங்கும். இது ஊறிப்போச்சு. கோபி, ஒரு ஏணியும் கொஞ்சம் பலகையும் குடு, அரை நாள்ல சரி பண்ணிடறேன்" என்றார். மாமா பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "மாமா, உங்க கால்ல விழறேன், அதை மட்டும் செய்யாதீங்க. ரிப்பேர் பண்ணிட்டா கெஸ்ட்டுக்குக் குடுத்துடுவான். அது ஒழுகற வரைக்கும்தான் நம்மது!" அப்பாவுக்குக் கைகள் பரபரவென்று இருக்கும். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். உலகத்திலேயே, கூரை சரிசெய்யத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுக்கவைத்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சுரங்கத்தை மூடிய பிறகு நாங்கள் சந்தாபுராவுக்கு வந்தோம். அப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், கேட்டைத் திறப்பது, மூடுவது, கண்ணாடி ஏற்றிய கார்களுக்கு சல்யூட் வைப்பது. காலமெல்லாம் வெயில் படாமல் கீழே வேலை செய்த உடம்பு, வெயிலில் நின்று நின்று முகம் கறுத்து, உதடு வெடித்து வருவார். வந்ததும் தொப்பியைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு ஒன்றையே சொல்வார்: "கேட்டுல நிக்கறதெல்லாம் ஒரு வேலையா? மனுஷன் செய்யற வேலையா இது?" அம்மா தொப்பியை எடுத்துத் தட்டி ஆணியில் மாட்டுவாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் தரையில்தான் இருக்கும். அலமாரி இருந்தது, அதில் துணி இருந்தது, பாத்திரம் தரையில். தங்கவயலில் 'பர்ஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் திடுமென்று வெடிக்கும். மேலே, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் தரை ஒரு முறை தூக்கிப் போடும், மேலே வைத்த பாத்திரம் எல்லாம் தலையில் விழும். அதனால் அங்கே எந்தப் பெண்ணும் குண்டானை உயரத்தில் வைக்க மாட்டாள். சந்தாபுராவில் தரைக்குக் கீழே வெறும் தண்ணீர்க் குழாய்தான் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கை மேலே போகாது. தூக்கமும் அப்படித்தான். ஒரு காது எப்போதும் தரையில் இருக்கிற தூக்கம். நான் இரண்டு முறை புரண்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

அப்படிப்பட்ட அம்மா அந்தக் கேபினில் தூங்கினாள். முதல் வருஷம் போனபோது மதியம் சாப்பிட்டுப் படுத்தவள், சாயங்காலம் மாமா டீ கொண்டுவந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஆறு பாறைகளுக்கு நடுவே போகிற சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் வேறு எந்தச் சத்தத்தையும் தேட வேண்டியதில்லை என்று அவள் காதுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

அந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாம் அசைந்துகொண்டே தெரியுமே, அப்படித்தான் தெரிகிறது. காலையில் ஆற்றுமேல் புகை மாதிரி எழுந்து, வெயில் ஏற ஏறக் காணாமல் போகிற பனி. மருத மரத்தின் வெள்ளைத் தோலில் கன்னத்தை வைத்தால் மத்தியானத்திலும் இருக்கிற குளிர்ச்சி. பரிசல்காரர் மாதேவா, "கூத்கோ மகளே, அலுகாடபேடா", உட்காரு, ஆடாதே என்று கன்னடத்தில் சொல்லி என்னை நடுவில் உட்காரவைத்து, நடு ஆற்றில் துடுப்பை ஒரே பக்கம் போட்டுப் பரிசலைச் சுழற்றிவிடுவார். வானமும் மரமும் பாறையும் சுற்ற, நான் சிரித்துச் சிரித்து விக்கல் வரவழைத்துக்கொள்வேன். மாமாவுக்கு மட்டும் ஆற்றில் ஏகப்பட்ட சட்டதிட்டம். "ஆத்துக்கு முதுகைக் காட்டிகினு நிக்காதே." "தண்ணிக்குள்ள கல்லைப் போடாதே, தூங்கறதை எழுப்பாதே." எது தூங்குகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார். கெஸ்ட்டுகள் சாப்பிட்டு மிஞ்சிய கோழி வறுவலும் சப்பாத்தியும் எங்களுக்கு வரும். அதை ஆற்றங்கரைப் பாறைமேல் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு தின்றால், குட்டி மீன்கள் வந்து கால்விரலைக் கொத்தும். குரங்குகள் மட்டும் இல்லாவிட்டால் அது சொர்க்கம். ஒரு குரங்கு அப்பாவின் சோப்பும் பிரஷும் வைத்திருந்த தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து சோப்பைக் கடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விற்றவனைத் திட்டுகிற பார்வை.

மூன்றாவது வருஷம் போனபோது எங்களுடன் ஒரு பை வந்தது. காக்கி நிறம், ஜிப் வைத்தது, கனமானது. அதை யாரும் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அப்பாவின் பழைய பூட்ஸ், இரண்டு செட் துணி, சுரங்கத்தில் போட்டிருந்த தொப்பி.

அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த சூசை மாமா வடக்கே எங்கோ ஒரு சுரங்கத்தில் சேர்ந்திருந்தார். அங்கே டிம்பர்மேன்களுக்கு ஆள் தேடுகிறார்கள், லீவு முடிந்து திரும்பும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அப்பா விசிலடித்துக்கொண்டு திரிந்தார். வருஷக்கணக்கில் விசிலடிக்காத மனிதர். "கீழ இருந்தவன் நான். கீழ போனாத்தான் எனக்கு மரியாதை" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். அம்மா அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களா?" அதோடு சரி. ஆனால் அந்த வருஷம் அவள் கேபினில் தூங்கவில்லை. நான் புரண்ட போதெல்லாம் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்பாமேல் வந்த கோபத்தில், யாரும் பார்க்காதபோது அந்தப் பையை ஓங்கி ஓர் உதை விட்டேன். உள்ளே இருந்த தொப்பி இடித்துக் கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். மதியச் சாப்பாடு ஆகி, கெஸ்ட்டுகள் கூடாரத்தில் படுத்திருந்தார்கள். அப்பா குளிக்கிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். அம்மா கேபின் வாசற்படியில் உட்கார்ந்து மாமா கொடுத்தனுப்பிய மீனை அரிந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து செதில்களைப் பொறுக்கி நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம் வந்தது.

பெரிய சத்தம்கூட இல்லை. அமுங்கின சத்தம், காதில் கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த பலகையில் தெரிந்தது. குண்டான் மூடி ஒரு முறை நடுங்கி நின்றது. ஆற்றோரத்து மரங்களிலிருந்து பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அடுத்த நிமிஷம் சமையல் கூடத்திலிருந்து மாமாவும் மற்ற ஆட்களும் ஆற்றை நோக்கி ஓடினார்கள். "தோட்டா ஹாக்தவ்ரே! தோட்டா!" என்று மாதேவா கத்துவது கேட்டது. மீன் பிடிக்க வலை போடச் சோம்பேறித்தனப்படுகிற சிலர் தோட்டா என்கிற வெடியைப் பற்றவைத்துத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு, செத்து மிதக்கிற மீனை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முகாம்காரர்கள் அவர்களைத் துரத்துவது வழக்கம். எனக்கே அது தெரியும்.

திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. அரிவாள்மணை மட்டும் இருந்தது, பாதி அரிந்த மீனோடு.

எல்லோரும் ஆற்றுப் பக்கம் ஓட, அவள் நேர் எதிர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். கூடாரங்களைத் தாண்டி, ஜீப் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, காட்டுச் சாலை வந்து சேருகிற இடத்தில் இருந்த இரும்பு கேட்டை நோக்கி. செருப்பில்லை. முந்தானை நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். "அம்மா, ஆறு அந்தப் பக்கம்! அப்பா ஆத்துல இருக்காரும்மா!" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். காதில் விழவில்லை. கேட் வந்ததும் நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். வெளியே, ஆள் நடமாட்டமில்லாத சாலையையும் புளிய மரங்களையும் புழுதியையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அந்த நிற்பு தெரியும். தங்கவயலில் ஒரு முறை, மிகவும் சின்னவளாக இருந்தபோது, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி ஒரு கேட் முன்னால் நின்றிருக்கிறேன். பர்ஸ்ட் சத்தம் வந்தால் லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்கத்து கேட்டுக்கு ஓடுவார்கள். ஓடி வந்தவர்கள் அங்கே ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். உள்ளே ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வரும், ஆட்கள் ஒவ்வொருவராக கேட்டுக்கு வருவார்கள். தன் வீட்டு மனிதர் வருவதைப் பார்த்தவள் கட்டிப்பிடிக்க மாட்டாள், கண்ணீர் விட மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். ஒரே ஒரு முறை முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பி, முன்னால் நடக்க ஆரம்பிப்பாள். அவர் பின்னாலேயே போக வேண்டியதுதான். பக்கத்தில் நிற்கிறவளுடைய ஆள் இன்னும் வரவில்லையே, அவள் கண் முன்னால் எப்படிச் சந்தோஷப்படுவது? லைன் மூலை திரும்பி, கேட் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அப்போதும் கேட்பது ஒன்றே ஒன்று: "பசிக்குதா?" இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான்.

நான் திரும்பி ஆற்றுக்கு ஓடினேன். பாதி வழியில் அப்பாவே எதிரில் வந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈர லுங்கியோடு.

"அம்மா எங்கம்மா? கேபின்ல காணோம்."

"கேட்டுல நிக்குது."

"எந்த கேட்டு?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வேகமாக நடந்தார்.

ஜீப் நிறுத்துகிற இடத்துப் புளிய மரத்தடிக்கு வந்ததும் அம்மாவின் முதுகு தெரிந்தது. அப்பா நின்றுவிட்டார். நான் "அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தபோது அவர் கை என் தோளில் அழுந்தியது. நாங்கள் இருவரும் அந்த மரத்தடியில் நின்று அவளைப் பார்த்தோம். அவள் அசையவில்லை. கம்பியைப் பிடித்த கை, மீன் இரத்தம் காய்ந்த கை, அசையவில்லை. புறங்கழுத்தில் முடி கலைந்து தொங்கியது. அப்பா அதைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்தேன். அப்போது எனக்கு விளங்கியது, அவர் இதைப் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பார்? ஒவ்வொரு முறையும் அவர் கீழே அல்லவா இருந்தார். மேலே வந்து கேட்டை நெருங்கும்போது அவருக்குத் தெரிந்தது திரும்பி முன்னால் நடக்கிற ஒரு பெண். அதற்கு முந்தைய நேரமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"நீ இங்கயே இரு" என்றார், கிசுகிசுப்பாக.

நேராக அவளிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முகாமைச் சுற்றி முள்வேலி இருந்தது. ஓரிடத்தில் மாடு புகுந்து புகுந்து ஒரு சந்து உண்டாகியிருந்தது. அப்பா அந்தப் பக்கம் நடந்தார். குனிந்து, முதுகில் முள் கீற, வேலிக்கு வெளியே போனார். புதருக்குள் மறைந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேட்டுக்கு வெளியே, சாலை வளைகிற இடத்தில், புழுதியில் வெறுங்காலோடு நடந்து வந்தார். அம்மா எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அந்தத் திசையிலிருந்து.

மெதுவாகத்தான் நடந்தார். ஷிப்ட் முடிந்து வருகிறவர் மாதிரி. கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

அம்மா அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பல்லில் கடித்திருந்த முந்தானையை விட்டாள். திரும்பினாள். நடக்க ஆரம்பித்தாள். அப்பா கேட்டைத் திறந்துகொண்டு அவள் பின்னாலேயே வந்தார். என்னைக் கடந்து போனபோது இருவருமே என்னைப் பார்க்கவில்லை. நான் மூன்றாவது ஆளாகப் பின்னால் போனேன். வழியில் மாமா எதிரில் வந்து, "இன்னாக்கா நீ, ஆறு இந்தாண்ட இருக்குது, நீ அந்தாண்ட ஓடிகினு..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், முகங்களைப் பார்த்துவிட்டு வழிவிட்டு நின்றார். அவரும் தங்கவயலில் பிறந்தவர்தானே. கேபினின் மூலை திரும்பி, கேட் மறைந்த பிறகு அம்மா நின்றாள்.

"பசிக்குதா?" என்றாள்.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் மூன்று பேரும் சாப்பிட்டிருந்தோம். "ம்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் மழை வந்தது. கோடை மழை, இடியும் காற்றுமாக. கேபின் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அம்மாவுக்கு இதில் கைதேர்ச்சி. எந்த மூலையில் சொட்டும் என்று தெரியும். குண்டான், சொம்பு, மீன் கழுவிய சட்டி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் லாந்தர் வெளிச்சம். 

"ஏன் வசந்தா, இப்படித்தான் நிப்பியா?" என்றார் அப்பா.

"எப்படி?"

"அதான். கேட்டுல."

அம்மா சொம்பை நகர்த்தி வைத்தாள். "சத்தம் வந்தா நிக்காம இன்னா பண்றது?"

"எவ்ளோ நேரம் நிப்ப?"

"நீங்க வர வரைக்கும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுல நிக்கறதெல்லாம் ஒரு வேலையான்னு தெனம் கேட்டுகினு இருந்தேனே உங்கிட்ட" என்றார்.  

அந்த வருஷம் கூரை இன்னும் மோசமாகியிருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே புதிதாக ஓர் இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. வைக்கப் பாத்திரம் இல்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்பா எழுந்து போய் அந்தக் காக்கிப் பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளேயிருந்து சுரங்கத்துத் தொப்பியை எடுத்தார். கெட்டித் தொப்பி, ஓரத்தில் விரிசல், முன்னால் விளக்கு மாட்டுகிற கொக்கி. அதைக் கவிழ்த்து, ஆடாமலிருக்க இரண்டு பூட்ஸையும் பக்கத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்து, சொட்டுக்குக் கீழே வைத்தார். டொக், டொக் என்று தண்ணீர் அதில் விழுந்தது.

"அய்யே, அதை எதுக்கு நனைக்கிறீங்க? நாளைக்கு எடுத்துகினு போகணும் இல்ல?"

"போகல."

"இன்னா?"

"நான் போகல வசந்தா. சூசைகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு கேட்டிலும் அழாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. இங்கே பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கிற இன்னொருத்தி இல்லை. யார் மனம் நோகும் என்று பார்க்க வேண்டியதில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். விரல் முட்டியால், மரத்தைத் தட்டுகிற மாதிரி. நான் சிரித்துவிட்டேன், சிரித்துக்கொண்டே நானும் அழுதேன். நடுவில் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது நிறைஞ்சுடுச்சு, எடுத்துக் கொட்டுங்க" என்றாள். அப்பா தொப்பித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தார். அன்று ராத்திரி அம்மா தூங்கினாள்.

அதன் பிறகு அப்பா ஓய்வு பெறும்வரை அதே கம்பெனி கேட்டில்தான் நின்றார். தொப்பியை மூலையில் வீசவில்லை, அவரே ஆணியில் மாட்டினார். முகாமுக்கு இன்னும் ஓரிரு கோடை போனோம். அப்புறம் மாமாவுக்குக் கனகபுராவில் ஓட்டல் வேலை கிடைத்தது, சாவி வாங்கித்தர ஆளில்லாமல் போயிற்று. போன வருஷம் என் ஆபீஸ்காரர்கள் டீம் அவுட்டிங் என்று எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய இடம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. மருத மரங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கித்தான் கூடாரங்கள் போய் சிமெண்ட் மேடைமேல் ஏதோ பளபளவென்ற துணியில் கூடாரம். ஏசி வைத்த கண்ணாடிக் கேபின்கள். பரிசலில் ஏற ஆரஞ்சு நிறச் சட்டை. கடைசிக் கேபின் இருந்த இடத்தில் காபி மிஷின். இரும்பு கேட்டுக்குப் பதிலாக, பித்தானை அமுக்கினால் எழும்புகிற குறுக்குக் கம்பி. மாலையில் நல்ல மழை பெய்தது. என் அறையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த கேட் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சந்தாபுராவில் இப்போது எங்கே பார்த்தாலும் அபார்ட்மெண்ட் எழும்புகிறது. அடித்தளம் தோண்டும்போது பாறை வந்தால் வெடி வைக்கிறார்கள். அந்தச் சத்தம் வந்தால் அம்மா மாடியிலிருந்து இறங்கி எங்கள் கட்டடத்து கேட்டில் போய் நின்றுவிடுவாள். அப்பா என்ன வேலையாக இருந்தாலும், ஷேவிங் சோப்பு முகத்தில் இருந்தாலும், பின்கதவு வழியாக இறங்கி, மட்டன் கடைச் சந்தைச் சுற்றிக்கொண்டு, தெருப்பக்கமிருந்து கேட்டுக்கு நடந்து வருவார். அவள் ஒரு முறை பார்ப்பாள். திரும்பி முன்னால் நடப்பாள். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அங்கிள் வாக்கிங் போய்விட்டு வருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா இந்தத் தை மாதம் போய்விட்டார். வெளிச்சமான அறையில், கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்க. சுரங்கத்து மனிதர் ஒருவருக்கு அது கிடைப்பது பெரிய விஷயம் என்று துக்கத்துக்கு வந்த சூசை மாமா சொன்னார்.

போன வாரம், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பக்கத்து மனையில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அம்மா இல்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே, கேட் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நரைத்த முடி புறங்கழுத்தில் கலைந்து கிடந்தது. போய்க் கையைப் பிடித்து, வாம்மா உள்ளே, அப்பா இல்லைம்மா என்று சொல்லலாம். பல பேர் அதைத்தான் செய்வார்கள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கினேன். மட்டன் கடைச் சந்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவள் மாதிரி மெதுவாக நடந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்த முகம் இது இல்லை. நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, முன்னால் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படி வளைகிற இடத்தில், கேட் கண்ணுக்கு மறைந்த பிறகு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பசிக்குதா?" என்றாள்.

"பசிக்குதும்மா" என்றேன்.